பன்னிரண்டு மேகங்களும் ஒரு வெயிலும்

சங்குமேட்டு உப்பளத்தில் பெண்களின் தலைக்கு மேல் மேகம் முளைத்தது ஒரு வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பத்து மணி டீ வருவதற்குச் சற்று முன்னால். முதலில் வியாகம்மாளின் தலையிலிருந்து, இட்லிக் கொப்பரையைத் திறந்தால் எழும்புமே அதுபோல ஓர் ஆவி எழும்பி, இரண்டு பனை உயரம் போய், அங்கே கண்ணுக்குத் தெரியாமல் யாரோ தளம் போட்டு வைத்திருந்த மாதிரி நின்று, அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் குவியலாகவும் பரந்து வெள்ளைவெளேரென்று ஆனது. அடுத்து பிலோமிக்கு, அடுத்து ஓரகத்திகளான மாரிசெல்விக்கும் பேச்சித்தாய்க்கும், அதற்கடுத்து வரப்பில் நின்றவர்களுக்கு, பாத்திக்குள் நின்றவர்களுக்கு என்று டீக்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போடுவதற்குள் பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு மேகம் ஆகிவிட்டது. டீக்காரர் அண்ணாந்து ஒவ்வொன்றாக எண்ணினார். "பன்னெண்டுதான் இருக்கு, நான் பதிமூணு டீல்லா கொண்டாந்திருக்கேன்" என்றார்.

பதிமூன்றாவது ஆள் அன்னக்கனி. அவள் தலைக்கு மேல் வெயில்தான் இருந்தது.

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்கு நிழலின் அருமையைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கட்டம் கட்டமாகப் பாத்திகள், பாத்திகளில் கடல் தண்ணீர், தண்ணீர் வற்ற வற்ற உப்பு, உப்பின் மேல் விழுந்த வெயில் திரும்ப எழும்பி முகத்தில் அடிக்கும். மேலேயும் ஒரு சூரியன், கீழேயும் ஒரு சூரியன். அங்கே மரம் வராது, புல்கூட வராது. அந்த மண்ணில் காலையில் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இறங்கி, பலகையால் உப்பை இழுத்துக் குவித்து, தலையில் சுமந்து கரையேற்றுகிற பெண்களுக்கு, பத்து வருடம் முப்பது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு, அன்றைக்குத்தான் முதன்முதலாக வேலை பார்க்கிற இடத்தில் நிழல் விழுந்தது. வியாகம்மாள் பலகையைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று, தன்னைச் சுற்றி வட்டமாக விழுந்திருந்த நிழலைப் பார்த்தாள்.

"ஏளா, என் கல்யாணப் பந்தலுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் எனக்குன்னு ஒரு நிழல் விழுந்திருக்கு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தவள் அப்படியே அழவும் செய்தாள். கங்காணி சுயம்பு அண்ணாச்சி விசில் ஊதினார். அதற்குமேல் வேடிக்கை பார்க்க நேரமில்லை, டீயைக் குடித்துவிட்டு எல்லோரும் பாத்தியில் இறங்கினார்கள்.

மேகங்கள் சாயங்காலம் கலைந்துபோய்விடும் என்று நினைத்தார்கள். கலையவில்லை. வேலை முடிந்து அவர்கள் நடந்தபோது அவையும் நடந்தன. பஸ்ஸில் ஏறியபோது பஸ்ஸுக்கு மேலே ஓடி வந்தன. கண்டக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மேலே வருகிறவர்களுக்கும் டிக்கெட் உண்டா என்று கேட்டார், அதற்கு வியாகம்மாள் சொன்ன பதிலை எழுத முடியாது. வீட்டுக்குள் போனவர்களுக்காக ஓட்டுக் கூரைக்கு மேல் காத்திருந்து, காலையில் கதவு திறந்ததும் கூடவே கிளம்பின.

ஊர் இரண்டு நாள் அண்ணாந்து பார்த்தது, மூன்றாம் நாள் கழுத்து வலித்ததும் பழகிக்கொண்டது. கருவாடு காயப்போடுகிறவர்கள் தங்கள் தெரு வழியாக உப்பளத்துப் பெண்கள் போகக் கூடாது என்று சண்டைக்கு வந்து, பிறகு ஒன்பது மணிக்கு மேல் போகக் கூடாது என்று பேசி முடித்தார்கள். ரேஷன் கடை வரிசையில் பிலோமிக்குப் பின்னால் நிற்க அடிதடி நடந்தது. மண்டபம் பிடிக்க வசதியில்லாத வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு பெண்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள், அவர்களும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் வாசலில் நாலு மூலையிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பந்தலாக இருந்துவிட்டு வந்தார்கள். மாதா கோயிலிலும் அம்மன் கோயிலிலும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு இடத்திலும் கொடியேற்றத்துக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு மேகமும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. வியாகம்மாளின் மேகம் காலிஃபிளவர் மாதிரி குமுறிக் குமுறி மேலே போனது, மத்தியானம் ஆக ஆக இன்னும் உயர்ந்தது. பிலோமி மீன்பிடிக்காரர் வீட்டுப் பெண், அவளுடையது சாளை மீனின் செதில் மாதிரி வரிவரியாகக் கிடந்தது. ஓரகத்திகள் இருவரும் ஒரு அம்மிக்கல்லுக்காக மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள். ஆனால் அவர்களுடைய மேகங்கள் முதல் நாளே ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ஜமுக்காளமாக விரிந்துவிட்டன. ஒருத்தி வடக்கே போக இன்னொருத்தி தெற்கே போனால் நடுவில் பிய்ந்து இருவர் தலையிலும் தூறியது. தூறினால் உப்பு கரையும், கங்காணி கத்துவார். அதனால் பேசாமலேயே பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள், ஒரு வாரம் நடந்தபின் பேசாமல் நடப்பது சிரமமாக இருந்ததால் பேசினார்கள்.

இரண்டாவது வாரம் வானிலை ஆபீசிலிருந்து ஒரு பெண் ஜீப்பில் வந்தாள். சின்னப் பெண்தான், ஆனாலும் எல்லோரும் மேடம் என்றார்கள். ஒரு குழாயையும் கருவியையும் வைத்து மேகங்களை அளந்து எழுதிக்கொண்டு, இது எப்படி நடந்தது என்று தனக்குத் தெரியவில்லை, ஆனால் நடந்தது என்ன என்று சொல்ல முடியும் என்றாள். தண்ணீர் ஆவியாகி மேலே போகும், போகப் போகக் குளிரும், குளிர்ந்து துளியாக ஆகிற உயரம் ஒன்று உண்டு. அந்த உயரத்துக்குக் கீழே மேகம் கிடையாது, அதனால்தான் அடிப்பக்கம் கத்தியால் நறுக்கினதுபோல் தட்டையாக இருக்கிறது. கீழேயிருந்து சூடு தள்ளினால் மேலே குவியும், சூடு இல்லாவிட்டால் பாயாக விரியும், விரிந்த பாயைக் காற்று அலைத்தால் செதில் விழும்.

"அப்ப எனக்குச் சூடு சாஸ்தின்னு சொல்லுதிய" என்றாள் வியாகம்மாள்.

"மேகத்துக்குத்தான் அக்கா" என்று மேடம் சிரித்தாள்.

"வெள்ளையா இருக்கே, அதுக்கு என்ன?" என்று பிலோமி கேட்டாள். மேடம் குனிந்து ஒரு கல் உப்பை எடுத்து வெயிலுக்குக் காட்டினாள். அது கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. பிறகு கரையில் மலையாகக் கிடந்த உப்பைக் காட்டினாள், அது வெள்ளையாக இருந்தது. "ஒரு கல்லு கண்ணாடி, குவிச்சா வெள்ளை. துளியும் அப்படித்தான். வெளிச்சம் உள்ள போயி எல்லாப் பக்கமும் சிதறுது. குவியல் ரொம்பத் தடிச்சுப்போனா வெளிச்சம் அடியில வராது, அதைத்தான் நாம கருத்த மேகம்ங்கிறோம்" என்றாள். இதைப் பெண்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். உப்பைப் பற்றி யார் சரியாகச் சொன்னாலும் அவர்களுக்குப் பிடிக்கும்.

கடைசியாக அவள் சொன்னதுதான் விஷயம். ஆவி சும்மா துளியாகிவிடாது, அதற்குப் பிடித்து நிற்க ஒரு பொடி வேண்டும். தூசியோ புகையோ எதுவானாலும் சரி, ஆனால் உப்பைப்போல் நல்ல பிடிமானம் வேறு இல்லை. உங்கள் உடம்பில் இத்தனை வருடமாக ஊறியிருக்கிற உப்பைப் பிடித்துக்கொண்டுதான் இவை நிற்கின்றன என்றாள். எல்லோரும் தங்கள் கையைத் திருப்பிப் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் அன்னக்கனியைப் பார்த்தார்கள்.

ஏனென்றால் அன்னக்கனி உடம்பில் உப்பு கிடையாது. அது ஊருக்கே தெரியும்.

உப்பளத்தில் ஆளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுப்பார்கள், குடிக்கத்தான். லாரித் தண்ணீர், சொட்டு சிந்தினாலும் கங்காணிக்கு நெஞ்சு வலிக்கும். மற்றவர்கள் அதைக் குடித்து, மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அன்னக்கனி பகல் முழுக்க இரண்டு சொம்புக்கு மேல் குடிக்கமாட்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டினாலும் குடிக்கமாட்டாள். வேலை முடிந்ததும் தகரத் தடுப்புக்குப் பின்னால் போய், மிச்சத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, காது மடல், நகக்கண், கால் வெடிப்பு வரை விரலால் வழித்துக் கழுவி, துவைத்த வேறு சேலை கட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள். பத்தொன்பது வருடமாக ஒருநாள் தவறியதில்லை. எதற்கு என்று யாருக்கும் தெரியாது, கேட்டால் சொல்லவும் மாட்டாள். மினுக்கி என்று முதுகுக்குப் பின்னால் பேர் வைத்திருந்தார்கள். வைத்தவள் வியாகம்மாள்.

"கழுவறதை நிறுத்துங்க, உங்களுக்கும் வந்துரும். ஒரு மாசம் ஆகலாம்" என்றாள் மேடம்.

"எனக்கு வேண்டாம்மா" என்றாள் அன்னக்கனி.

வேண்டாம் என்று அவள் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கண்ணில் ஒரு வெள்ளை விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வருடமாக, மத்தியானம் ஆனால் பாத்தியும் வரப்பும் ஒன்றாகி, பார்க்கிற பொருளுக்கு முன்னால் யாரோ ஈரத்துணி பிடித்த மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்த வெளிச்சத்தில் இன்னும் இரண்டு கோடை நின்றால் பார்வை முழுக்கப் போய்விடும், நிழலில் ஏதாவது வேலை பாருங்கள் என்றார். நிழலில் வேலை என்று சொன்ன மனிதரின் முகத்தைப் பார்த்து அன்னக்கனி மரியாதையாகச் சிரித்துவிட்டு வந்தாள். வீட்டுக்காரர் பட்டுராஜிடம் மட்டும் சொன்னாள். அவர் மூட்டை ஏற்றுகிறவர், வாயில்லாத மனுஷன். அன்றிரவு சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

மேகம் வந்தபிறகு பட்டுராஜ் ஒருநாள் வாய் திறந்தார். "உப்பு இருந்தா மேகம் வருமாம்லா. ஒரு மாசந்தான? கண்ணுக்குத்தான் சொல்லுதேன்."

"எதுக்குக் கழுவுதேன்னு உங்களுக்குமா தெரியாது?" என்று அவள் கேட்டாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவருக்குத் தெரியும்.

ஊரும் அவளை விடவில்லை. பிள்ளை இல்லாதவளிடம் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். போன மாசம்வரை மேகம் என்றால் ரேடியோவில் கேட்கிற சமாச்சாரமாக இருந்தவர்களுக்கு, இப்போது மேகமில்லாத பெண் ஒரு குறையாகத் தெரிந்தாள். பன்னிரண்டு பேரும் நிழலோடு நடக்கும்போது, அவள் வேண்டுமென்றே இருபதடி பின்னால் முக்காடு போட்டுக்கொண்டு நடந்தாள். பிலோமி நின்று, "உள்ள வாங்க மைனி, இடம் இருக்கு" என்று கூப்பிட்டாலும், "நீ போ தாயி" என்றுவிடுவாள்.

இதற்கிடையில் உப்பு விளையவில்லை. விளையாது. வெயில் இல்லாமல் உப்பு ஏது? பன்னிரண்டு பெண்கள் நின்ற பாத்திகளில் தண்ணீர் குளம் மாதிரி நிறைந்து கிடந்தது, கூழ் மாதிரி ஏதோ படிந்தது, பலகை வைத்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு போனது. அன்னக்கனியின் பாத்திகளில் மட்டும் உப்பு கல் கல்லாகக் கட்டி நின்றது. கங்காணி சுயம்பு முதலில் வெடி வாங்கி வந்து மேகங்களைப் பார்த்து வெடித்தார். கொக்கு பறந்தது. பிறகு திருவிழா ஜெனரேட்டரும் ராட்சத மின்விசிறியும் கொண்டுவந்து வைத்தார்கள், வியாகம்மாளின் மேகம் இன்னும் உயரமாக வளர்ந்தது, அவளுக்குக் கோபம் வந்திருந்ததால்.

ஆனி பிறந்ததும் முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, குளிர் கார், கண்ணாடியை முக்கால்வாசி இறக்கி அண்ணாந்து பார்த்துவிட்டு கங்காணியிடம் பேசினார், கங்காணி வந்து பெண்களிடம் பேசினார். இனிமேல் தினம் ஒரு தண்ணி லாரி வரும், எல்லோரும் அன்னக்கனி மாதிரி ஒட்டக் கழுவி ஒரு மாசத்தில் மேகத்தைக் கரைத்துவிட வேண்டும். ஆடி ஒன்றாம் தேதிக்கு மேகத்தோடு வருகிறவர்கள் வீட்டில் இருந்துகொள்ளலாம், அவர்கள் பாத்திக்கு ஆள் வரும்.

கண்ணில் உப்பு தெறித்தால் கழுவ ஒரு கை தண்ணீர் கேட்டு முப்பது வருடம் கிடைக்காத இடத்தில், லாரி லாரியாகத் தண்ணீர் வரப்போகிறது. ஒவ்வொருத்தியும் தன் மேகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

கங்காணி அன்னக்கனியைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, வெல்லம் தடவி, "நீதான் இவளுகளுக்கு எப்படிக் கழுவணும்னு சொல்லிக் குடுக்கணும். குடுத்தேன்னு வையி, முதலாளி உன்னை பாக்கெட் போடுத கொட்டகைக்கு மாத்தச் சொல்லிட்டாரு. மேல கூரை, ஃபேனு, உக்காந்து பாக்குத வேலை. உன் கண்ணு விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார்.

கூரை என்ற வார்த்தை அன்னக்கனியின் காதில் விழுந்து உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கொண்டே நடந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகன் தீபாவளிக்கு வரும்போது அவன் முகம் முழுசாகத் தெரியும், மீசை வைத்திருக்கிறானா இல்லையா என்று தெரியும். தப்பா அது? ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

மறுநாள் வேலை முடிகிற நேரத்துக்கு லாரி வந்து நின்றது. தகரத் தடுப்புக்கு முன்னால் புது பிளாஸ்டிக் குடங்கள் பதிமூன்று. பன்னிரண்டு பெண்கள் மேகங்களோடு வரிசையாக நின்றார்கள், பள்ளிக்கூடத்தில் ஊசி போட நிற்கிற பிள்ளைகள் மாதிரி. ஓரகத்திகள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தார்கள், மேகம் போய்விட்டால் மறுபடி பேசாமல் போய்விடுவோமோ என்று அவர்களுக்குப் பயம். கங்காணி கையைத் தட்டினார்.

"எல்லாரும் அன்னக்கனியைப் பாருங்க. பொம்பளைன்னா இப்படி இருக்கணும். பத்தொம்பது வருசமா உடம்புல ஒரு பொட்டு உப்பு தங்கவிடலை, சுத்தம்னா சுத்தம்! இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு இந்த நாத்தம் புடிச்ச உப்போட வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு ஒரு வைராக்கியம். சொல்லு அன்னக்கனி, நீயே சொல்லு."

அன்னக்கனி குடத்தின் கழுத்தைப் பிடித்தவள் பிடித்தபடி நின்றாள். நாத்தம் என்ற சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் கழுவினது நாற்றத்துக்காக இல்லை.

"நான் ஒண்ணும் சுத்தக்காரி இல்ல அண்ணாச்சி" என்றாள். பிறகு பெண்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், அதற்குப் பிறகு பேசியதெல்லாம் அவர்களிடம்தான்.

"எனக்கு மூத்தது ஒரு பொட்டப்பிள்ளை பொறந்துச்சு. உங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியாது, நீங்க அப்ப இங்க வரலை. இருவத்தஞ்சாம் நாளு என்னை அளத்துக்கு வரச் சொல்லிட்டாக, உப்பு வாருத சீசன், வரலைன்னா வேற ஆளு. வந்தேன். மத்தியானம் ஓடிப்போய்ப் பால் குடுப்பேன். வாயி வச்ச பிள்ளை மூஞ்சியச் சுளிச்சு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு. கரிச்சிருக்கு. சேலையக் கொண்டு தொடைச்சேன், சேலையிலயும் உப்பு. எச்சியத் தொட்டுத் தொடைச்சேன், எச்சியும் கரிக்கி. மூணு நாளு திரும்பித் திரும்பிப் படுத்துச்சு. நாலாம் நாளு காய்ச்சல், பெரியாசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், அங்க வச்சே உசுரு போயிட்டு. நெஞ்சுச்சளின்னுதான் டாக்டர் சொன்னாரு. அவரு சரியாத்தான் சொல்லியிருப்பாரு. ஆனா எம்பிள்ளை மூஞ்சியத் திருப்புன திருப்பை நாந்தான பாத்தேன்? அன்னைலருந்து கழுவுதேன். அடுத்தவன் குடிச்சு வளந்துட்டான், இப்பக் கழுவி யாருக்குக் குடுக்கப்போறேன்? யாருக்கும் இல்ல. சும்மா கழுவுதேன்."

வியாகம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி நான், உன்ன மினுக்கின்னேனே! ஏளா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் மேகமும் கூடவே வந்ததால் அன்னக்கனியின் மேல் நிழல் விழுந்தது. அந்த நிழலில் நின்றபோது, இந்தப் பன்னிரண்டு பேரிடமிருந்து இதைப் பிடுங்குவதற்குத் தன்னைத்தான் கத்தியாக வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் பட்டென்று விளங்கியது. தன் பிள்ளையின் பெயரால் கழுவின தண்ணீர், கங்காணியின் வாயில் வைராக்கியமாக ஆகிவிட்டது. அவளுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். தண்ணீர் மண்ணில் ஓடியது.

"இன்னைக்கு நான் கழுவலை. நாளைக்கும் கழுவலை" என்றாள். கழுத்திலும் கையிலும் உப்புப் பூத்தபடி, வேலைச் சேலையோடு, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அப்படியே பஸ் ஏறினாள். மற்ற பன்னிரண்டு பேரும் குடத்தைத் தொடாமல் பின்னாலேயே ஏறினார்கள்.

முதல் நாள் தோல் எரிந்தது. இரண்டாம் நாள் தலை அரித்தது. படுக்கும்போது தன் மேல் வீசின உப்பு வாடையில் அவளுக்கு அந்தப் பழைய நாலு நாளும் அப்படியே திரும்பி வந்தன, பட்டுராஜ் பக்கத்தில் உட்கார்ந்து விடிகிறவரைக்கும் அவள் கையைப் பிடித்திருந்தார். மூன்றாம் நாள் கங்காணி, கொட்டகை வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்காததுபோலப் போய்விட்டாள். நாலாம் நாள் காலை, பத்து மணி டீக்குச் சற்று முன்னால், அவளுடைய மேகம் வந்தது. ஒரு மாதம் ஆகும் என்று சொன்ன வானிலை ஆபீசு மேடத்துக்கு இது கடைசிவரைக்கும் கணக்குப் பிடிபடவில்லை. மேகமோ அங்கேயே எங்கேயோ நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்த மாதிரி வந்தது.

சின்ன மேகம். மற்றவை பாத்தி அளவுக்குப் பரந்து கிடக்க, இது இரண்டு கைக்குள் அடங்கும். குவியலும் இல்லை, செதிலும் இல்லை, கழுவித் துடைத்த பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டு பனை உயரத்துக்கும் போகவில்லை, அவள் தலைக்கு ஒரு முழம் மேலே தயங்கித் தயங்கி நின்றது. பெரிய நிழலும் விழவில்லை, அவள் முகத்துக்கு மட்டும் சரியாக விழுந்தது. கண்ணுக்கு அது போதும். டீக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இப்பச் சரியா வந்துட்டு" என்றார்.

முதலாளி விடுவாரா? ஆடி ஒன்றாம் தேதிக்குக் காத்திராமல் தெற்கே வேறோர் அளத்திலிருந்து இருபது பேரை வேனில் இறக்கினார். அவர்களும் வேறு எதில் ஊறினவர்கள்? அதே உப்புத்தானே. மறுநாள் பத்து மணிக்கு இருபது மேகம் எழும்பியது. மேகமில்லாத உப்புக்காரி என்று ஒருத்தி இனி எங்கே தேடினாலும் கிடைக்கமாட்டாள் என்றானபோது, கங்காணி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அன்னக்கனிதான் போய்ப் பேசினாள். பேசியது வெயிலோடு இத்தனை நாள் இருபதடி பின்னால் தனியாக நடந்தவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

"அண்ணாச்சி, நாங்க டீ குடிக்க ரோட்டோரம் போனா மேகம் எங்க கூட வந்துருது, அந்தப் பத்து நிமிசம் பாத்தியில சுள்ளுன்னு வெயில் விழுது. பின்னால நின்னு தினமும் பாத்திருக்கேன். உப்பு வேணும்னா எங்களைப் பாத்தியை விட்டுத் தள்ளி உக்கார வையுங்க. பதினோரு மணிக்குப் போறோம், மூணு மணிக்கு வாரோம். கூலியில கைவைக்காதிய."

"வேலை பாக்காம உக்காந்திருக்கதுக்கா கூலி?" என்றார் கங்காணி.

"நாங்க உக்காந்தாத்தான் உப்பு விளையும்னு முதலாளிகிட்டச் சொல்லுங்க."

முதலாளி கார் கண்ணாடியை முழுக்க இறக்கிக்கொண்டு இரண்டு நாள் யோசித்தார். வேறு வழி இருந்திருந்தால் யோசித்திருக்கமாட்டார். மூன்றாம் நாளிலிருந்து பதினோரு மணிக்கு விசில் ஊதப்பட்டது, மூன்று மணிக்கு விசில் ஊதப்பட்டது, நடுவில் யாரும் இல்லாத பாத்திகளில் வெயில் ஆசைதீர இறங்கி உப்பைக் கட்டியது. அந்த வருடம் மாதிரி உப்பு முன்னால் விளைந்ததில்லை என்று கங்காணியே சொன்னார், சொல்லிவிட்டு அது தன்னுடைய யோசனை என்றும் சொன்னார்.

அந்த முதல் நாள் மத்தியானம், ரோட்டோரம் வாய்க்கால் பாலத்துப் பக்கத்தில் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். தலைக்கு மேல் மேகங்கள் எல்லாம் ஒன்று கூடி ஊர்ப் பந்தலாகிவிட்டன. வெயில் காலத்து மத்தியானத்தில் சும்மா உட்காருவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார்கள், பிறகு பேன் பார்த்தார்கள், பிறகு பேச்சித்தாய் தன் தூக்குச்சட்டியை மாரிசெல்வி பக்கம் நகர்த்தினாள்.

அன்னக்கனி பாலத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சின்ன மேகம் பந்தலோடு சேரவில்லை. அது மெதுவாக இறங்கியது. நெற்றிக்கு வந்தது, தோளுக்கு வந்தது, மடியில் வந்து கிடந்தது. குளிர்ச்சியாக, ஈரமாக, கனமே இல்லாமல் இருந்தது. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். மடியிலிருந்து அது அவள் மார்புப் பக்கமாக நகர்ந்தபோது, அவள் கை பழக்கத்தில் முந்தானையை எடுத்து, உப்புப் பூத்திருந்த ரவிக்கையைத் துடைக்கப் போனது. முந்தானையிலும் உப்பு இருந்தது. அவள் பயந்துபோய் வியாகம்மாளைப் பார்த்தாள்.

"தொடைக்காத" என்றாள் வியாகம்மாள். "அது அந்த உப்பைத் தேடித்தானளா வந்திருக்கு."

அன்னக்கனி முந்தானையை விட்டாள். மேகம் வந்து சாய்ந்தது. சாய்ந்து அப்படியே இருந்தது. திரும்பவில்லை. அவள் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு குனிந்துகொண்டாள். ரவிக்கை நனைந்தது, ஒரு துளி உதட்டுக்கும் வந்தது. அவள் நாக்கால் தொட்டுப் பார்த்தாள். கரிக்கவில்லை, நல்ல தண்ணீர்.

மூன்று மணிக்கு விசில் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. என்ன ஏது என்று பார்க்கக் கங்காணி சுயம்பு வரப்பிலிருந்து இறங்கி, சத்தம் போட்டுக்கொண்டே பாலத்துப் பக்கம் வந்தார். வியாகம்மாள் உதட்டில் விரலை வைத்து அவரை நிறுத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. "பிள்ளை பால் குடிக்கி."